ஆறேகால் மணி சாட்சி

அன்புள்ள ஜோயலுக்கு,

உன் கல்யாணம் முடிந்து பதினெட்டு நாளாகிறது. ஓசூருக்குக் கிளம்பிய அன்று, கார் டிக்கியில் பாத்திரப் பெட்டியை வைத்துக்கொண்டே நீ ஒரு கேள்வி கேட்டாய். "கிருபா வீட்ல எப்படிப்பா ஒத்துக்கிட்டாங்க? மூணு மாசம் முடியாதுன்னு இருந்தவங்க ஒரே நாள்ல எப்படி மாறுனாங்க?" உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் "ஜெபம்தான்" என்று சொல்லி டிக்கியை மூடினேன். அது பொய் இல்லை, ஆனால் அதில் பெரும்பகுதி விட்டுப்போயிருக்கிறது. அந்த விட்டுப்போன பகுதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இதை நம் சபையின் மாத இதழில் போடும்படி ஆயரிடம் கேட்டிருக்கிறேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "வீட்டு விஷயமாச்சே, அச்சுல போடணுமாங்க?" என்றார். "ஐயா, நான் இத வீட்டுக்குள்ள சொல்லலீங்க, மைக்குல சொன்னேன். திருத்தறதும் அதே மாதிரி இருக்கட்டும்" என்றேன். அவர் தாள்களை எண்ணிப் பார்த்து, நாலு பக்கம் ஒதுக்குவதாகச் சொன்னார். அச்சுக்குப் போகும் முன்னால் உன் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதால் தபாலில் அனுப்புகிறேன். கிருபாவும் படிக்கட்டும். இதில் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

நான் இரட்சிக்கப்பட்ட நேரம் உனக்கு மனப்பாடம். உனக்கு மட்டுமில்லை, நம் சபையில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் மனப்பாடம். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், சாயங்காலம் ஆறேகால் மணி, அடி அண்ணாமலைப் பக்கம் சைக்கிளில் வரும்போது. வாலிபர் கூட்டத்தில் பையன்கள் எனக்குப் பின்னால் 'ஆறேகால் அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

அந்தச் சாயங்காலம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, ஜோயல். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இது எப்படி வந்தது, என்ன செய்தது என்பதுதான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் தற்காலிக வேலை. உன் அம்மாவோடு நிச்சயமாகியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் இரண்டாம் நாள் முடிவில், "இரட்சிப்பின் நிச்சயம் இருக்கறவங்க எழுந்து நில்லுங்க" என்றார். என் வரிசையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு விசுவாசம் இல்லாமல் இல்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் கோயிலில்தான் வளர்ந்தேன். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னேன். ஆனால் நிச்சயம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்று பிடிபடவில்லை. பிரசங்கியார் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "தம்பி, இப்ப வீட்டுக்குப் போற வழியில லாரி மோதுனா எங்க போவீங்க?" மைதானமே என் பக்கம் திரும்பியது. நான் எழுந்துவிட்டேன். எழுந்ததோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. யாரோ மைக்கைக் கொண்டுவந்து என் வாயருகில் பிடித்தார்கள். "எந்த நாள், எந்த நேரம்னு சபைக்குச் சொல்லுங்க" என்றார் அவர்.

அவசரத்தில் கைக்கு எட்டியதை எடுத்தேன். எப்போதோ அடி அண்ணாமலை அருகில் என் சைக்கிள் செயின் கழன்று, அதை மாட்ட முடியாமல் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். கிரிவலக் கூட்டம் போன மறுநாள். பாதை முழுக்கப் பாக்குமட்டைத் தட்டுகள் கிடந்தன. டீக்கடைக்காரர் ஒருவர் வந்து செயினை மாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மனசு லேசானது. அவ்வளவுதான். அதற்கு ஒரு தேதியும் மணியும் வைத்து, ஆண்டவர் அங்கே என் பாவத்தை மன்னித்தார் என்று சொன்னேன். மைதானம் முழுக்க ஸ்தோத்திரம் என்றது. கூட்டம் கலைந்ததும் பெரியவர்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

முதல்முறை சொன்னபோது அது நாலு வாக்கியம். பத்தாவது முறை சொல்லும்போது டீக்கடைக்காரர் காணாமல் போய்விட்டார், செயினை நானே மாட்டினேன். அதற்கப்புறம், கழன்ற செயினைப் போல நீயும் என்னைவிட்டுக் கழன்றிருக்கிறாய் என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சேர்ந்துகொண்டது. எந்த வருஷம் அது சேர்ந்தது என்று எனக்கே ஞாபகமில்லை. சாட்சிக் கூட்டங்களில் என்னைக் கடைசியாகப் பேசவைப்பார்கள். சிலர் அதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். அவர்கள் அழுதது நிஜம். அதைப் பார்த்து, சொன்னதும் நிஜமாகத்தான் இருக்கும் என்று நான் பாதி நம்பத் தொடங்கிவிட்டேன்.

இது என்னோடு நின்றிருந்தால் நான் ஆண்டவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு இருந்திருப்பேன். அது உன்மேல் விழுந்தது. உனக்குப் பதினான்கு வயது, திருவிருந்து வாங்கத் தகுதியாக்கும் திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு மாதம் தினமும் சாயங்காலம் முழங்கால் போட்டாய். என் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போவாய். துணி எடுக்க வந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். அந்த மாதம் முடிந்து ஒருநாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாய்.

"அப்பா, எனக்கு ஒன்னும் ஆவலியே."

"காத்திரு. கேட்டுட்டே இரு. வரும்."

"எனக்குள்ள பாவம் ஜாஸ்தியாப்பா? அதனால வரலியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்கும் எதுவும் வரவில்லை, அப்படி வரவேண்டும் என்று ஒன்றும் இல்லை, நீ நம்புகிறாயா, அது போதும், போய் விளையாடு என்று சொல்லியிருக்கலாம். பத்து வார்த்தை. நான், "எல்லாருக்கும்தான் பாவம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன். நீ திடப்படுத்தல் ஆராதனையில் மற்றப் பிள்ளைகளோடு முழங்கால் போட்டாய், அம்மாவுக்காக. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நிச்சயம் இல்லாம வாங்கறது தப்புப்பா" என்றாய். பதினைந்து வருஷம். ஒவ்வொரு மாதமும் நான் பீடத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன், நீ உட்கார்ந்தே இருப்பாய். பொய் சொன்னவன் சாப்பிட்டான், பொய் சொல்லாதவன் பசியோடு இருந்தான். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் திறந்தால் ஆறேகால் அண்ணன் இல்லாமல் போய்விடுவான்.

கீழ்பென்னாத்தூரில் நடந்தது உனக்குத் தெரியும். நான் அங்கே உட்கார்ந்திருந்த விதம் உனக்குத் தெரியாது. உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் அவர்கள் பாஸ்டர் உன்னிடம், "எப்ப இரட்சிக்கப்பட்டீங்க தம்பி?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நீ, "தேதி இல்லீங்க பாஸ்டர். ஒன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். எங்கப்பாவுக்கு இருக்கு. எனக்கு இன்னும் குடுக்கல" என்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் மாமனார், "சொல்லுங்க சம்மந்தி" என்றார். நான் சொன்னேன். பாக்குமட்டைத் தட்டுகள், செயின், சத்தம், ஒன்று விடாமல் சொன்னேன். என் மகன் தன் கல்யாணத்தைப் பணயம் வைத்து உண்மை பேசிய அதே கூடத்தில், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். அவர்களுக்கு என்னைப் பிடித்துப்போனது. உனக்கு மட்டும், "நிச்சயம் வரட்டும் தம்பி, அப்புறம் பாக்கலாம்" என்று பதில் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் நீ எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாய்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்தாய். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. "அம்மா, பேசாம ஒரு தேதிய சொல்லிடலாம்னு பாக்கறேன். ரெண்டு பேரும் எவ்ளோ நாள் இப்படி இருக்கறது? யாருக்குத் தெரியப் போவுது?" என்றாய். அம்மா, "அவசரப்படாதடா" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்தபிறகு கத்தியை எடுத்தவள் காய் நறுக்கவில்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். "அந்த ஆறேகால் மணி கத இருக்குல்ல, அது நடக்கலை."

உன் அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அந்த மாசம் பௌர்ணமிக்கு மறுநாள் நீங்க செங்கத்துல எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்க. கூட்டம் கொறஞ்சு பஸ் ஓடட்டும்னு அந்த நாள வெச்சோம். ஆறேகாலுக்கு நீங்க பஜ்ஜி சாப்ட்டுட்டு இருந்தீங்க. நான்தான் தட்டுல வெச்சேன். ரெண்டாவது தடவ வேணாம்னு சொல்லிட்டு அப்புறம் வாங்கிக்கிட்டீங்க."

அவசரத்தில் நான் எடுத்த நாள் எந்த நாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கல்யாணமாகி முதல் சாட்சிக் கூட்டத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சின்ன விஷயம்னும் நெனச்சேன். பையன் மாடியில போய் முட்டி போட்டப்ப சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றாள். அவள் அழவில்லை. காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும்தான் தேதி கெடயாது. நான் தெனமும் ஆண்டவர்கிட்ட இரக்கமா இருங்கன்னு கேக்கறேன். இருக்கறேன்னு அவர் சொல்லியிருக்கார். அவர் பொய் சொல்ல மாட்டார்" என்றாள். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் அவரைக்காய்க்கு முன்னால் இது இருந்தது, நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து கீழ்பென்னாத்தூர் போனேன். பாஸ்டரையும் வரச் சொல்லியிருந்தேன். உன் மாமனார் கடலை மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "சம்மந்தி, அன்னிக்கு என் வீட்ல உக்காந்து சொன்னது பொய்யா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப உங்களுக்கும் இல்ல, உங்க பையனுக்கும் இல்ல. நான் எதப் பாத்துப் பொண்ண குடுக்கறது?" நியாயமான கேள்வி. "என்னப் பாத்துக் குடுக்காதீங்க. எம் பையன் ஒரு தேதி சொல்லியிருந்தா அன்னிக்கே நிச்சயம் ஆயிருக்கும். அவன் சொல்லல. அதப் பாருங்க" என்றேன்.

அப்போது டீ கொண்டுவந்த கிருபா தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "அப்பா, எனக்கு ரெண்டு தேதி இருக்குப்பா" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"ஏழாங்கிளாஸ்ல கூட்டத்துல முன்னாடி போனேன். அப்புறம் அது சரியா ஆவலியோன்னு பயம். காலேஜ்ல மறுபடியும் போனேன். எல்லார்கிட்டயும் ரெண்டாவத சொல்லிட்டு இருக்கேன். அதுக்கப்புறமும் பயம் போவல. எது செல்லும்னு எனக்கே தெரியல. ஜோயல் ஒரு தேதியும் இல்லன்னாரு. அவர நிறுத்தி வெச்சிருக்கீங்க. என்னைய யாரும் நிறுத்தல."

உன் மாமனார் மகளைப் பார்த்தபடியே இருந்தார். அந்தப் பயத்தோடு அவள் அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்திருக்கிறாள் என்று அவர் கணக்கிட்டது போலிருந்தது. "எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்றார். பாஸ்டர் சின்ன வயசுக்காரர். அவர் தட்டிலிருந்த ஒரு டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "ஐயா, நான் கேள்விய தப்பாக் கேட்டுட்டேன்னு நெனைக்கறேன். நம்புறீங்களான்னு கேட்டிருக்கணும். எப்பன்னு கேட்டேன்" என்றார். அவர் அதைச் சொன்னது பெரிய காரியம். எனக்கு முப்பத்துநாலு வருஷம் பிடித்ததை அவர் ஒரு டீ ஆறுவதற்குள் செய்தார். இரண்டாம் வாரம் உன்னைக் கூப்பிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டாரே, நீ "நம்புறேன்" என்றாயே, அது அப்படி வந்ததுதான். நான் கிளம்பும்போது கிருபா வாசல்வரை வந்தாள். "மாமா, அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றாள்.

இனி, புத்தி சொல்வது. அதற்கு எனக்குத் தகுதி குறைவு, ஆனாலும் தகப்பன் என்பதால் சொல்கிறேன். நான் வேத பண்டிதன் இல்லை. பிறப்பு இறப்பு ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒருமுறை பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்று கேட்டு ஒரு வயதான பாய் வந்தார். ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்றார். அவர் பெயர் எங்கள் ஏட்டில் இல்லை. பிறந்த தேதி என்னவென்று கேட்டேன். "தெரியாது சார். பொறந்தது மட்டும் நிச்சயம், அதான் வந்து நிக்கறேனே" என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். பதிவு இல்லை என்ற சான்றைக் கொடுத்து, மேற்கொண்டு எங்கே மனுப்போட வேண்டும் என்று எழுதியும் அனுப்பினேன். அதே மாதம் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, தங்கள் மறுபிறப்பின், அதாவது இரட்சிக்கப்பட்ட நாளின், தேதி தெரியாதவர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பேசினேன். இரண்டும் ஒரே ஆள்.

சிலருக்கு அந்த நாளும் நேரமும் தெரியும். அவர்கள் சொல்வதை நான் சந்தேகப்படவில்லை, நீயும் சந்தேகப்படாதே. ஆனால் தேதி விசுவாசம் இல்லை. உள்ளே தோன்றுகிற இதமும் விசுவாசம் இல்லை, அது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஏற்ப மாறும். நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்த ஒரு தகப்பனைச் சுவிசேஷத்தில் நீ படித்திருக்கிறாய். நம்புகிறேன் என்றும், நம்பாமையும் என்னிடம் இருக்கிறது, உதவி செய்யும் என்றும் ஒரே மூச்சில் கதறினான். அவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை, எல்லாம் தெளிந்தபிறகு வா என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைக் குணமாக்கினார். பலமான நம்பிக்கை அன்று அங்கே இல்லை. நம்பத்தக்கவர் ஒருவர் நின்றிருந்தார். நிச்சயம் என்று சபை சொல்வது அவரைப் பற்றி, நம்மைப் பற்றி இல்லை என்று இப்போது எனக்குப் படுகிறது.

அப்படியானால் உங்களுக்கு நிச்சயம் இருக்கிறதா அப்பா என்று கேட்பாய். என் வாயிலிருந்து வருகிற சொல்லின் மதிப்பு என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் இரட்சிப்பு என் சாட்சியின்மேல் நிற்கிறது என்றால் நான் தொலைந்தவன். அது சிலுவையில் அவர் செய்து முடித்ததின்மேலும், அவர் கொடுத்த வாக்கின்மேலும் நிற்கிறது என்றால் எனக்கு இடம் உண்டு. பொய் சொல்லிப் பிடிபட்ட ஒருவனுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. நிச்சயம் இருக்கிறது ஜோயல். சில நாள் அதை உணர்கிறேன், பல நாள் உணர்வதில்லை. உணராத நாளிலும் அது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். உடனே கொடுக்க வேண்டியதில்லை. கோபப்படுவாய், படலாம். பதினைந்து வருஷம் சின்ன விஷயம் இல்லை.

வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அன்றைக்குத்தான் இந்த இதழைக் கோயில் வாசலில் கொடுப்பார்கள், எல்லாரும் கையில் வைத்திருப்பார்கள். நீயும் கிருபாவும் சனிக்கிழமையே வருவதாக அம்மா சொன்னாள். நாம் வழக்கம்போல இடப்பக்கம் நாலாவது பெஞ்சில் உட்காருவோம். பீடத்துக்கு அழைக்கும்போது, நாங்கள் தாண்டிப் போவதற்காக நீ எப்போதும் முழங்காலை ஒரு பக்கம் திருப்பி வழி விடுவாய். இந்தத் தடவை திருப்பாதே. எழுந்து எனக்கு முன்னால் நட. நான் உன் பின்னால் வருகிறேன்.

உன் அப்பா